நடக்கத் தடையில்லாதவர்கள் நடந்தபோது

1924 மார்ச் 30 அன்று காலை, வைக்கம் மகாதேவர் கோயிலை நோக்கி ஓர் ஊர்வலம் கிளம்பியது. கதர் உடுத்தி, கழுத்தில் மாலையோடு மூன்று இளைஞர்கள் முன்னால் நடந்தார்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளின் முனையில் திருவிதாங்கூர் அரசு ஒரு பலகையை நட்டு வைத்திருந்தது. தீண்டக்கூடாதவர்கள், அண்டக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியார் அதைத் தாண்டி வரக் கூடாது. பலகைக்குச் சற்று முன்பே கூட்டம் நின்றுகொண்டது. மூவர் மட்டும் மேலே போனார்கள். குஞ்ஞாப்பி புலையர். பாகுலேயன் ஈழவர். கோவிந்தப் பணிக்கர் நாயர்.

போலீஸ்காரர்கள் மறித்து ஒவ்வொருவரிடமும் சாதி கேட்டார்கள். பணிக்கர் போகலாம், மற்ற இருவரும் திரும்ப வேண்டும் என்றார்கள். இவர்களோடுதான் போவேன் என்றார் பணிக்கர். மூவரும் கைதானார்கள்.

பணிக்கர் எத்தனையோ முறை நடந்திருக்கக்கூடிய வீதி அது. அவரை யாரும் தடுக்கப்போவதில்லை. அன்று காலை அவர் செய்ததெல்லாம் தனக்கு மட்டும் திறந்த வழியில் போக மறுத்ததுதான். உரை ஆற்றவில்லை, யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. இரண்டு பேரோடு சேர்ந்து நின்றார், அவர்களோடு சிறைக்குப் போனார். ஓர் அநீதியால் நேரடியாகப் பாதிக்கப்படாதவர் அதற்கு எதிரான போராட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இன்று பலர் கேட்கிறார்கள். கல்லூரி வாசலில், அலுவலகத்தில், குடும்ப வாட்ஸப் குழுவில்கூட அந்தக் கேள்வி வருகிறது. “எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் இது என் பிரச்சினை இல்லையே, நான் போய் நிற்கலாமா? நின்றால் அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதாக ஆகாதா?” நேர்மையான கேள்வி இது. இதற்கான பதிலின் பெரும்பகுதி நூறு வருடங்களுக்கு முன்னால் வைக்கத்தில் நடந்தவற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குள் நுழையும் உரிமையை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையை. அந்தத் தெருக்களில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம். ஆடு மாடு போகலாம். ஓர் ஈழவர் மதம் மாறிவிட்டு மறுநாளே வந்தால் அவரையும் யாரும் தடுக்கமாட்டார்கள். 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுக்கு இந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனவர் டி.கே. மாதவன், ஈழவர். அதன் பிறகு கேரளக் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்புக்குக் குழு அமைத்தது, கே. கேளப்பன் அதன் பொறுப்பில் இருந்தார். தினம் மூன்று பேர் போக வேண்டும், அவர்கள் வெவ்வேறு சாதிக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது யோசித்து வகுத்த திட்டம். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் போனால், “அவர்கள் கேட்கிறார்கள், நாம் மறுக்கிறோம்” என்று விஷயம் முடிந்துவிடும். தடையில்லாத ஒருவர் தடைபட்டவரின் தோளோடு தோள் நின்றால், சாதி கேட்டுப் பிரிக்கும் அந்த வேலையைப் போலீஸ்காரர் எல்லோர் கண்முன்னாலும் செய்தாக வேண்டும்.

தடைபட்டவர்கள் சும்மா இருந்த இடத்துக்கு மற்றவர்கள் வந்து போராடிக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1893-இலேயே புலையரான அய்யங்காளி தன் வில்லுவண்டியில் ஏறி, தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் தானே ஓட்டிப் போனார், அடிதடிக்கு அஞ்சாமல். வழியை முதலில் திறக்க முயன்றவர்கள் எப்போதும் வழி மறுக்கப்பட்டவர்கள்தான். துணைக்கு வருபவர்கள் பிறகே வருகிறார்கள்.

ஏப்ரல் 7 அன்று போராட்டத் தலைவர்களான கே.பி. கேசவ மேனனும் டி.கே. மாதவனும் கைதானார்கள். கைது செய்து மாளாது என்று கண்ட அரசு, கைதை நிறுத்திவிட்டு வீதிகளின் குறுக்கே தடுப்பு போட்டது. சத்தியாக்கிரகிகள் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நூல் நூற்றார்கள், பாடினார்கள், மாலையானதும் எழுந்து போய் மறுநாள் காலை திரும்ப வந்தார்கள். கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று பேசப்படும் பெருவெள்ளம் அந்த ஜூலையில் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். தண்ணீர் ஏறியது. தொண்டர்கள் அதிலேயே நின்றார்கள். போலீஸ்காரர்கள் வள்ளங்களில் காவல் காத்தார்கள்.

அடியும் குறைவில்லை. ஆதிக்கச் சாதியார் ஏவிய ஆட்கள் தொண்டர்களைத் தாக்கினார்கள். ஆமச்சாடி தேவன் என்ற புலையத் தொண்டரின் கண்ணில் சுண்ணாம்பைத் தேய்த்தார்கள். சிற்றேடத்து சங்குப் பிள்ளை நாயர் சாதிக்காரர். தாக்குதலில் அடிபட்டு இறந்தார். அவர் பிறந்த சாதிக்கு அந்த வீதி முழுக்கத் திறந்தே கிடந்தது.

தமிழ் வாசகருக்குப் பரிச்சயமான பகுதி பெரியார் வந்தது. அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர். தலைவர்கள் சிறைக்குப் போய்விட்டார்கள், போராட்டம் படுத்துவிடும், உடனே வாருங்கள் என்று கடிதம் வந்தது. உடல்நலம் சரியில்லாத நிலையிலும் கிளம்பினார். ஏப்ரல் 13 அன்று வைக்கத்தில் இருந்தார். ஊர் ஊராகப் பேசினார், பணம் திரட்டினார், தடையாணையை மீறினார், இரண்டு முறை சிறை சென்றார். இரண்டாம் முறை கடுங்காவல். காலில் விலங்கும் தலையில் கைதிக் குல்லாயுமாக அவர் கொலைகாரர்களோடும் திருடர்களோடும் வேலை செய்ததைக் கேசவ மேனன் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். அவர்கள் எல்லோருமே ஈரோட்டில் வசதியாக வாழ்ந்தவர்கள். வைக்கத்துத் தெருவில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. தமிழ்நாட்டு வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாட்டு வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. கூப்பிட்டார்கள், போனார். பழ. அதியமான் எழுதிய ‘வைக்கம் போராட்டம்’ நூலைப் படித்தவர்களுக்கு இந்த விவரங்களின் முழு வீச்சு தெரியும்.

ஆனால் வெளியே இருந்து வந்த எல்லோருக்கும் அங்கே வரவேற்பு கிடைக்கவில்லை. ஜார்ஜ் ஜோசப் சிரியன் கிறிஸ்தவர், பாரிஸ்டர். மதுரையில் தொழிலாளருக்காகவும், குற்றப் பரம்பரைச் சட்டத்தால் நசுக்கப்பட்ட கள்ளர் சமூகத்துக்காகவும் வாதாடியதால் அந்த மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்த அதே மனிதர். வைக்கத்தில் அவர் தலைமை தாங்க முன்வந்தபோது காந்தி தடுத்தார். தீண்டாமை இந்துக்களின் பாவம், இந்துக்களே அதைக் கழுவ வேண்டும், ஒதுங்கியிருங்கள் என்பது காந்தியின் வாதம். ஆனாலும் ஜோசப் கைதாகிச் சிறை சென்றார். பஞ்சாபிலிருந்து சீக்கிய அகாலிகள் வந்து தொண்டர்களுக்கு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். அதையும் மூடச் சொன்னார் காந்தி.

பசித்திருந்த தொண்டருக்குச் சப்பாத்தி போட்ட கைகளைத் திருப்பி அனுப்பியது தவறு என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. போராட்டக் களத்தில் ஒருவர் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தத் தெருவில் மறிக்கப்பட்டவர்கள். தொலைவிலிருந்து கடிதம் எழுதுபவர் அல்ல. இருந்தாலும் காந்தி வைத்த கேள்வியில் ஒரு பாதி கனமானது. இந்தப் பாவத்தை யார் செய்கிறார்களோ அவர்களின் வீட்டுப் பிள்ளைகள் எங்கே? அந்தப் பாதியிலிருந்துதான் வைக்கம் போராட்டத்தின் மிக முக்கியமான காரியம் என்று நான் கருதுகிற சவர்ண ஜாதா என்ற உயர்சாதியார் நடைபயணம் பிறந்தது.

தீண்டாமையால் ஆதாயம் அடைந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் மட்டும் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்து, வழியெல்லாம் தங்கள் சாதிக்காரர்களைச் சந்தித்து, “இந்த வீதிகளை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று நாங்களே கேட்கிறோம்” என்று கையெழுத்து வாங்கி மகாராணியிடம் கொடுப்பது என்று திட்டம். 1924 நவம்பர் 1 அன்று கிளம்பினார்கள். தலைமை தாங்கியவர் மன்னத்து பத்மநாபன். நாயர் சர்வீஸ் சொசைட்டியை 1914-இல் தொடங்கியவர், நாயர் சமூகத்தில் மறுக்க முடியாத செல்வாக்கு உள்ளவர். சொந்தச் சாதிக்காரர் மதிக்கும் ஒருவர் முன்னால் நடந்தது முக்கியம். வேற்று ஆள் சொன்னால் “இவன் யார் நமக்குச் சொல்ல” என்று கதவை அடைத்துவிடலாம். நம்ம ஆளே வாசலில் வந்து நின்று கேட்கும்போது என்ன செய்வது?

நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. ஊருக்கு ஊர் கூட்டம். தெற்கே நாகர்கோவில் பக்கமிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் இன்னொரு ஜாதா திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால், இது தமிழர்களின் சொந்த வீதிப் பிரச்சினையும்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் அதே தடை இருந்தது; வைக்கம் முடிந்த கையோடு அங்கேயும் சத்தியாக்கிரகம் நடந்தது, நாயுடு அதன் முன்னணியில் இருந்தார்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி சேது லட்சுமி பாயிடம் மனு போய்ச் சேர்ந்தது. 25,000-க்கும் மேற்பட்ட சவர்ணர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். இந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் இருந்த திண்ணைகள்தான் நினைவுக்கு வருகின்றன. வீட்டுக்கு வந்த ஜாதாக்காரரிடம் மோர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தாய்மாமனோடு வாதாடி, அம்மாவின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு, வெளியே வந்து கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ. மேடையில் ஏறிச் சமத்துவம் பேசுவது அதைவிடச் சுலபம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரப்போகிற சித்தப்பாவிடம், “நாம் செய்வது அநியாயம்” என்று சொல்லிவிட்டு அதே வீட்டில் தொடர்ந்து வாழ்வதுதான் கஷ்டம். தடைபட்டவர்களால் அந்தத் திண்ணைகளில் ஏறவே முடியாது. அந்த வேலையை ஜாதாக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

இப்படி நடந்ததும் ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. சட்டசபை முடிவு செய்யட்டும் என்று சொல்லப்பட்டது. 1925 பிப்ரவரி 7 அன்று, வீதிகளைத் திறக்கக் கோரும் தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஈழவர் ஒருவரும் இருந்தார். மார்ச்சில் காந்தி வைக்கம் வந்தார். கோயில் நிர்வாகத்தில் செல்வாக்குள்ள இண்டந்துருத்தி மனையின் நம்பூதிரியைப் பார்க்கப் போனபோது, வைசியர் என்பதால் அவரை வீட்டுக்குள் விடாமல் வெளி மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். நாடே மகாத்மா என்று கும்பிட்ட மனிதருக்கு அந்த வீட்டில் சாதி மட்டும்தான் இருந்தது. (அந்த மனை இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம்.) 600 நாட்களுக்கு மேல் நீண்ட போராட்டம் 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்க வீதிகள் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குப் பக்கம் சவர்ணருக்கே என்று நின்றுபோனது. கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதி வெற்றி என்று இதைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழு வெற்றி என்று விழா எடுப்பவர்களோடும் இல்லை. ஜாதா முடிந்ததும் மன்னத்து பத்மநாபனின் அரசியல் எல்லா நேரமும் அதே திசையில் போகவில்லை. 1959-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த ‘விமோசன சமர’த்தின் தலைமையிலும் அவர் இருந்தார். துணை நின்றவர் வாழ்நாள் முழுக்கத் துணை நிற்பார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனால்தான் அவரைக் கும்பிடுவதைவிட, அந்தப் பன்னிரண்டு நாட்களில் அவர் செய்த வேலையைக் கற்றுக்கொள்வது பயனுள்ளது. பாடப்புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். காந்தி இருப்பார், பெரியார் இருப்பார், மன்னத்து இருப்பார். குஞ்ஞாப்பியையும் பாகுலேயனையும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆமச்சாடி தேவனை? துணைக்கு வந்தவரின் பெயர் பெரிதாகவும், அடிவாங்கியவரின் பெயர் சிறிதாகவும் எழுதப்படுவது எல்லாப் போராட்ட வரலாற்றிலும் இருக்கும் பிசகு. பெரியாரின் பங்கைப் பற்றி நூறு கூட்டம் போடும் நாம், தேவனுக்கு ஒரு கூட்டமாவது போட வேண்டும்.

வைக்கம் முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத நிலையில், மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஓர் ஊர்வலத்தை நடத்தினார். 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான தலித்துகள் நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். சட்டப்படி அந்தக் குளம் ஏற்கெனவே பொதுக் குளம், காகிதத்தில் மட்டும். பிராமணர்களைப் போராட்டத்தில் சேர்க்காவிட்டால் நாங்கள் ஆதரவு தருகிறோம் என்று பிராமணரல்லாத இயக்கத் தலைவர்கள் அம்பேத்கரிடம் நிபந்தனை வைத்தார்கள். அவர் ஏற்கவில்லை. தனக்குப் பகை பிராமணியத்தோடு, பிராமணராகப் பிறந்த ஒவ்வொருவரோடும் அல்ல என்பது அவர் நிலை. அந்த டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியைக் கொளுத்தும் தீர்மானத்தை மாநாட்டில் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பிராமணர். மாநாட்டுக்கு இடம் தர உள்ளூர் இந்துக்கள் எவரும் முன்வராதபோது தன் நிலத்தைக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம்.

வைக்கத்தில் யார் வரலாம் என்று காந்தி முடிவு செய்தார். மகாடில் அம்பேத்கர் முடிவு செய்தார். அவர் பாதிக்கப்பட்டவர், தலைமையும் அவருடையது. சகஸ்ரபுத்தே வந்தது அந்தத் தலைமையின் கீழ் நிற்க. “நான் வரலாமா” என்று தயங்குபவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை: அழைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள்.

அமெரிக்காவின் செல்மாவில் அழைப்பு தந்தியாகப் போனது. 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் அந்தக் கரையில் அலபாமா போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடித்து நொறுக்கியது. அன்றிரவு அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைகளில் தொலைக்காட்சி அதைக் காட்டியது. எல்லா மதகுருமார்களும் செல்மாவுக்கு வாருங்கள் என்று மார்ட்டின் லூதர் கிங் அழைத்தார். நூற்றுக்கணக்கானோர் விமானம் ஏறினார்கள். பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளையினப் போதகரை மார்ச் 9 இரவு வெள்ளையர்கள் தெருவில் வைத்து அடித்தார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார்.

ரீப்பின் மரணம் நாட்டையே உலுக்கியது. அதிபர் ஜான்சன் அவர் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். ஆனால் செல்மா நடைபயணம் என்ற யோசனையே பிறந்தது இன்னொரு மரணத்தால். சில நாட்களுக்கு முன்புதான் பக்கத்து ஊரான மேரியனில், தன் தாயைப் போலீஸிடமிருந்து காக்க முயன்ற ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றிருந்தார். அந்த வீட்டுக்கு அதிபரின் தொலைபேசி வரவில்லை. துணைக்கு வந்தவர்கள் சுமக்க வேண்டிய கசப்பான உண்மை இது. நம் உயிருக்கும் அவர்கள் உயிருக்கும் உலகம் வெவ்வேறு விலை வைத்திருக்கிறது. நாம் வந்தால் கேமராவும் வருகிறது. அந்தக் கேமராவை ஜாக்சனின் பக்கம் திருப்பிவிடுவதும் நம் வேலையில் சேரும்.

செல்மாவுக்கு வந்தவர்களில் என் மனதில் அழுத்தமாக நிற்பவர் ஜோனதன் டேனியல்ஸ். இறையியல் கல்லூரி மாணவர், 26 வயது. வார இறுதிக்கு மட்டும் என்று வந்தார். திரும்பிப்போகும் பேருந்தைத் தவறவிட்டார். ஒருநாள் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டால் இங்கே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. செல்மாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தோடு தங்கிவிட்டார். அடுத்து அவர் செய்ததுதான் வைக்கம் ஜாதாவை ஞாபகப்படுத்துகிறது. தன் சொந்த எபிஸ்கோபல் சபையின் செல்மா தேவாலயத்துக்கு, வெள்ளையர் மட்டும் அமரும் அந்த இருக்கைகளுக்கு, ஞாயிறுதோறும் கறுப்பினச் சிறுவர் சிறுமியரைக் கூட்டிக்கொண்டு போனார். முறைத்தார்கள், திட்டினார்கள், பின் வரிசைக்குத் தள்ளினார்கள். மறு வாரமும் போனார். ஆகஸ்ட் 20 அன்று ஹேன்வில் என்ற ஊரில், 17 வயதுக் கறுப்பினப் பெண் ரூபி சேல்ஸை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிக்கு முன்னால் பாய்ந்து, அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு, தான் குண்டை வாங்கிக்கொண்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி விடுதலை செய்தது. அதே மாதம் 6-ஆம் தேதிதான் வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டிருந்தார்.

அடுத்த ஆண்டே, கறுப்பின இளைஞர்கள் முன்னின்று நடத்திய மாணவர்களின் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு தன் வெள்ளையினத் தோழர்களிடம் சொன்னது: எங்கள் ஊர்களில் எங்களை ஒருங்கிணைக்க நாங்கள் இருக்கிறோம், நீங்கள் உங்கள் சொந்த வெள்ளையர் பகுதிகளுக்குப் போய் அங்கிருக்கும் இனவெறியோடு மோதுங்கள். பல வெள்ளைத் தோழர்கள் மனம் நொந்தார்கள். சிறையில் கூட இருந்தோம், அடிவாங்கினோம், இப்போது போகச் சொல்கிறீர்களா என்றார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொன்னது சரி. கூடவே நடப்பதில் கிடைக்கும் நெகிழ்ச்சியும் நட்பும் சொந்த ஊரில் கிடைக்காது. அங்கே கிடைப்பது ஏச்சுதான். யாருமே போக விரும்பாத இடம் என்பதால்தான் அங்கே ஆள் தேவைப்படுகிறது.

அப்படியானால் ஊர்வலத்தில் நடப்பது எதற்கு? கற்றுக்கொள்வதற்கு. ஒரு போராட்டத்தைப் பற்றி நூறு கட்டுரை படித்தாலும் கிடைக்காத ஒன்று, அதில் இரண்டு மணி நேரம் நடந்தால் கிடைக்கும். சென்னையில் ஜூன் கடைசியில் நடக்கும் வானவில் பேரணியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவரும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முகங்களில் இருப்பதை எந்தச் சட்ட விளக்கமும் சொல்லாது. அங்கே கூட நடக்க வருபவர் முதலில் பழக வேண்டியது கைபேசியைப் பையில் வைப்பதுதான். நீங்கள் பெருமையோடு போடும் படத்தில் பின்னால் நிற்பவரின் முகம் தெரிந்து, அவர் வேலையோ வீடோ பறிபோகலாம். கோஷத்தை அவர்கள் எழுப்பட்டும், நீங்கள் பின்பாட்டுப் பாடினால் போதும். தொலைக்காட்சி நிருபர் உங்களிடம் மைக்கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். போலீஸ் நெருங்கும்போது ஓரத்து வரிசைக்கு வாருங்கள். உங்கள் பெயரும் உடையும் பேச்சும் உங்களுக்குத் தரும் சிறு பாதுகாப்பு அங்கேதான் பயன்படும். யாரையாவது வேனில் ஏற்றினால் எந்த ஸ்டேஷன் என்று விசாரித்து வக்கீலுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வெளியே வரும்வரை வாசலில் காத்திருங்கள். ஊர்வலம் முடிந்ததும் பேனர் சுருட்டவும் குப்பை பொறுக்கவும் ஆள் வேண்டும். அடுத்த வாரம் நடக்கும் கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள், அதற்கும் போங்கள். நீங்கள் தப்பாகப் பேசிவிட்டதாக யாராவது சுட்டிக்காட்டினால் விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் நடந்தால்தான் வரும். நடந்த பிறகு வீட்டுக்குத் திரும்புகிறோம் இல்லையா, வைக்கத்து ஜாதா அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

தமிழ்நாட்டில் 2023 ஜனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். மாவட்ட ஆட்சியர் உடன் வந்தார். நூற்றுக்கணக்கில் போலீஸ் நிறுத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜூனில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலைப் பூட்டி அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். தலித்துகள் உள்ளே வருவதற்கு எழுந்த எதிர்ப்பைச் சமாளிக்க முடியாமல். அதற்குச் சில மாதம் முன்பு, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நீதிமன்றம் இருக்கிறது, ஆட்சியர் வருகிறார், போலீஸ் வருகிறது. 1924-இல் சட்டம் எதிர்ப்பக்கம் நின்றது, இப்போது நம் பக்கம் நிற்கிறது. அப்போது இருந்து இப்போது இல்லாமல் போனது சவர்ண ஜாதா.

இத்தகைய கொடுமைகளுக்குப் பிறகு நடக்கும் ஆர்ப்பாட்டங்களில் தலித் அமைப்புகள் நிற்கின்றன, இடதுசாரிகள் நிற்கிறார்கள், பெரியாரிய இயக்கங்கள் நிற்கின்றன. அவர்களில் பிற சாதிகளில் பிறந்தவர்கள் நிறையவே உண்டு, அவர்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் யார் கதவை அடைத்தார்களோ, அவர்களின் சொந்தக்காரர்கள் இருபது பேர் அந்த ஊரின் வீடு வீடாகப் போய், “மாமா, இது சரியில்லை, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று கேட்டதாகச் செய்தி வரக் காணோம். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இணையத்தில் அமெரிக்க இனவெறிக்கு எதிராக எழுதுகிறார்கள், மனதார எழுதுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் திண்ணைப் பேச்சில் அமைதியாகிவிடுகிறார்கள்.

ஆடி பிறப்பதற்கு முன் ஊர் ஊராகத் திருவிழாக் கூட்டம் நடக்கும். வரி எவ்வளவு, எந்தத் தெருவில் பிரிப்பது, தேர் எதுவரை போகும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. சில தெருக்களில் வரி வாங்குவதே இல்லை. வரி கொடுத்தவருக்குக் கோயிலில் பாத்தியதை வந்துவிடும் என்பதால் வாங்காமல் விடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார இடமுள்ளவர்கள், “அந்தத் தெருவுக்கும் இந்த வருஷம் நோட்டைக் கொண்டுபோங்க, கூட நானும் வர்றேன்” என்று சொல்வதற்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியதில்லை.